திருடக் கூடாது என்று யாரும் சொல்லித்தராத ரோபோ

செயற்கை நுண்ணறிவு என்றால் என்ன என்று ஒரு பிள்ளை கேட்டால், நான் முதலில் ஒரு படத்தைப் பார்க்கச் சொல்வேன். 2012இல் வந்த ‘ரோபோ அண்ட் ஃபிராங்க்’. எங்கள் இலங்கை மலையகத்தில் ‘எந்திரன்’ பார்க்காத ஆளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ‘டெர்மினேட்டர்’ கூடப் பலருக்குத் தெரியும். இந்தப் படத்தின் பெயரைச் சொன்னால் மட்டும் “அப்படியும் ஒரு படமா, சேர்?” என்று கேட்கிறார்கள். இதில் வரும் ரோபோ யாரையும் சுடுவதில்லை, உலகத்தைப் பிடிப்பதில்லை, காதலிப்பதும் இல்லை. ஒரு வயதானவருக்குச் சமைத்துக் கொடுக்கிறது, வீட்டைக் கூட்டுகிறது, மரக்கறித் தோட்டம் போடச் சொல்லி அவரை நச்சரிக்கிறது. சண்டையும் வெடியும் இல்லாததால்தான் பலர் கண்ணில் படாமல் போயிருக்க வேண்டும். ஆனால் செயற்கை நுண்ணறிவில் இன்றைக்கு எல்லோரும் தலையைப் பிய்த்துக்கொள்ளும் ஒரு கேள்வியை இவ்வளவு எளிமையாகக் காட்டிய படம் வேறு எனக்குத் தெரியாது.

அந்தக் கேள்வி இதுதான்: ஒரு யந்திரத்துக்கு ஒரு நோக்கத்தைக் கொடுத்துவிட்டால், அதை அடைய அது என்னவெல்லாம் செய்யும்?

முதலில் கதை. முடிவைச் சொல்ல மாட்டேன், பயப்பட வேண்டாம்.

ஃபிராங்க் நியூயோர்க் மாநிலத்தில் கோல்ட் ஸ்பிரிங் என்ற சின்ன ஊரில் தனியாக இருக்கிறார். இளம் வயதில் அவர் நகை திருடியவர். வீடு புகுந்து திருடுவதில் கைதேர்ந்தவர், அதற்காகச் சிறையிலும் இருந்திருக்கிறார். இப்போது வயதாகிவிட்டது, ஞாபகம் தப்புகிறது. எப்போதோ மூடிவிட்ட ஓர் உணவகத்தை இன்னும் திறந்திருப்பதாக நினைத்துக்கொண்டு தேடிப் போகிறார். மகன் ஹன்டர் நெடுந்தூரம் வாகனம் ஓட்டிக்கொண்டு வந்து பார்த்துவிட்டுப் போகிறான். மகள் மடிசன் வெளிநாட்டில். வந்து வந்து களைத்துப் போன மகன் ஒருநாள் ஒரு வெள்ளை நிற ரோபோவைக் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போகிறான். அப்பாவைப் பார்த்துக்கொள்ள. ஃபிராங்குக்கோ அதைக் கண்டாலே பிடிக்கவில்லை. தூக்கத்தில் தன்னைக் கொன்றுவிடும் என்கிறார்.

ஜேக் ஷ்ரையர் இயக்கிய முதல் முழுநீளப் படம் இது. ஃபிராங்காக நடித்தவரின் பெயரும் ஃபிராங்க்தான், ஃபிராங்க் லஞ்ஜெலா. ரோபோவின் உடைக்குள் இருந்து அசைந்தவர் ரேச்சல் மா, குரல் கொடுத்தவர் பீட்டர் சார்ஸ்கார்ட். அந்தக் குரலில் கோபமும் இல்லை, குழைவும் இல்லை. ஆஸ்பத்திரியில் பொறுமையான ஒரு தாதி பேசுவதைப் போல ஒரே சீராக வரும். சன்டான்ஸ் திரைப்பட விழாவில் அறிவியல், தொழில்நுட்பம் சார்ந்த படங்களுக்குக் கொடுக்கும் ஸ்லோன் பரிசு அந்த ஆண்டு இதற்கும் கிடைத்தது.

சரி, இனி நோக்கம் என்ற விஷயத்துக்கு வருவோம்.

நாம் ‘நோக்கம்’ என்று சொல்லும்போது மனசுக்குள் ஆசை, காரணம், மனச்சாட்சி எல்லாம் கலந்து கிடக்கும். யந்திரத்தின் நோக்கம் அப்படி இல்லை. அது பெரும்பாலும் ஓர் எண். அந்த எண்ணைக் கூட்டு, அல்லது குறை. அவ்வளவுதான் கட்டளை. ஒரு கணினி நிரல் ஆயிரக்கணக்கான தடவை முயன்று பார்க்கும். எந்தச் செயல் அந்த எண்ணைக் கூட்டுகிறதோ அதை மேலும் செய்யும். கூட்டாததை விட்டுவிடும். இந்தப் பழக்கத்தைத்தான் பயிற்சி என்கிறார்கள். பயிற்சி முடிந்த பிறகு அது செய்வதைப் பார்த்தால் நமக்கு ஏதோ புத்தியோடு யோசித்துச் செய்வது போலத் தெரியும். ஆனால் நாம் எந்த எண்ணைக் கொடுத்தோமோ அதைத்தான் அது துரத்திக்கொண்டிருக்கும்.

2016இல் செயற்கை நுண்ணறிவு ஆராயும் ஓப்பன்ஏஐ நிறுவனம் ஒரு சம்பவத்தை வெளியிட்டது. படகுப் போட்டி விளையாட்டு ஒன்றை ஒரு நிரலுக்குப் பழக்கினார்கள். போட்டியை வேகமாக முடிக்க வேண்டும் என்பது ஆட்களின் எண்ணம். ஆனால் நிரலுக்குக் கொடுத்த எண், விளையாட்டில் கிடைக்கும் புள்ளி. வழியில் இருக்கும் சில இலக்குகளை இடித்தால் புள்ளி விழும். இடித்த இலக்கு சற்று நேரத்தில் மறுபடி முளைக்கும். நிரல் என்ன செய்தது? ஓர் ஓரமாக ஒதுங்கி, வட்டமாகச் சுற்றிச் சுற்றி அதே இலக்குகளை இடித்துக்கொண்டே இருந்தது. படகு தீப்பிடித்தது, மற்றப் படகுகளோடு மோதியது, போட்டியை முடிக்கவே இல்லை. ஆனாலும் போட்டியை ஒழுங்காக ஓட்டிய மனிதர்களைவிட அதற்குப் புள்ளி அதிகம். அந்த நிரல் கெட்டதும் இல்லை, பழுதானதும் இல்லை. சொன்னதை அட்சரம் பிசகாமல் செய்தது. நாம் சொன்னதும் நாம் விரும்பியதும் ஒன்றாக இருக்கவில்லை, அவ்வளவுதான்.

தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இதை விளக்க நான் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குத்தான் போவேன். ஒரு நாளுக்கு இத்தனை கிலோ என்று தோட்டத்தில் ஓர் அளவு வைத்திருக்கிறார்கள். அதை எடுத்தால் பேர் விழும், அதாவது முழு நாள் சம்பளம். குறைந்தால் அரைப் பேர். தராசு பார்ப்பது எடையை. ஆனால் ஃபெக்டரிக்கு வேண்டியது எடை மட்டுமா? இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக இளங்கொழுந்து வேண்டும். எடையை மட்டுமே கணக்கில் எடுத்தால் முத்தல் இலையும் கூடைக்குள் வரும், ஈர இலையும் வரும். எடை ஏறும், தேயிலை கெடும். அதனால்தான் மடுவத்தில் இலையைக் கிளறிப் பார்க்கிறார்கள், தண்ணீருக்கு என்று கழிக்கிறார்கள். நோக்கம் ஒன்று, அதற்கு மேல் கட்டுப்பாடு இன்னொன்று. அதோடு இன்னொரு பக்கமும் இருக்கிறது. அந்தத் தராசுக்கு மலையின் சரிவு தெரியாது. அட்டை கடித்தது தெரியாது, காலையிலிருந்து மழையில் நனைந்து நின்றது தெரியாது. எண்ணுக்குள் வராத எதுவும் தராசின் கண்ணில் படாது. கொழுந்து எடுக்கும் ஒவ்வொரு பெண்ணுக்கும் இது யாரும் சொல்லாமலே தெரியும். கணினி விஞ்ஞானிகள் இப்போது புத்தகம் புத்தகமாக எழுதுவதும் இதே விஷயத்தைத்தான்.

ஃபிராங்கின் ரோபோவுக்குக் கொடுத்த நோக்கம் அவருடைய உடல்நலம். மனநலமும் அதில் சேர்த்தி. நேரத்துக்குச் சாப்பிட வேண்டும், சீனி போட்ட காலைச் சாப்பாட்டை நிறுத்த வேண்டும், நடக்க வேண்டும், மூளைக்கு வேலை கொடுக்கும் ஏதாவது ஒன்றில் ஈடுபட வேண்டும். மரக்கறித் தோட்டம் போடலாம் என்கிறது ரோபோ. ஃபிராங்குக்கு மண்ணில் கை வைக்க விருப்பமில்லை. பிறகு ஒருநாள் கடையில் ஒரு சின்னச் சாமான் களவு போகிற விதத்தில், இந்த ரோபோவுக்குத் திருட்டு என்பது தடுக்க வேண்டிய ஒன்றாகவே தெரியவில்லை என்பதைக் கிழவர் கண்டுபிடித்துவிடுகிறார். திருடுதல் என்ற சொல்லுக்கு அர்த்தம் அதற்குத் தெரியும். அது தவறு என்ற எண்ணத்தை யாரும் அதற்குள் வைக்கவில்லை.

அப்புறம் என்ன, பழைய தொழில்காரருக்கு உயிர் வந்துவிடுகிறது. பூட்டுத் திறக்கப் பழக்குகிறார். ரோபோ அவரைவிட வேகமாகப் பழகிக்கொள்கிறது. திட்டம் போடுகிறார், வரைபடம் கீறுகிறார், ஒரு வீட்டைத் தூரத்தில் இருந்து நோட்டம் பார்க்கிறார். ஊர் நூலகத்தில் இருக்கும் பழைய ‘டொன் குவிக்சோட்’ பிரதி ஒன்றை, நூலகர் ஜெனிபருக்குக் கொடுப்பதற்காக, முதலில் தூக்குகிறார்கள். அடுத்தது ஒரு பணக்கார இளைஞனின் நகை.

ரோபோ ஏன் உடன்படுகிறது? இந்த இடத்தில்தான் படம் தன் வேலையைச் செய்கிறது. திட்டம் போடத் தொடங்கியதிலிருந்து ஃபிராங்க் விடிய எழும்புகிறார், நடக்கிறார், யோசிக்கிறார், ஞாபகம் தெளிகிறது. ரோபோவின் கணக்குப்படி எல்லாம் சரியாகப் போகிறது. மரக்கறித் தோட்டம் செய்யாததைத் திருட்டு செய்கிறது. நோக்கத்தை வைத்துப் பார்த்தால் திருட்டு ஒரு நல்ல உடற்பயிற்சி, ஒரு நல்ல மருந்து. நாம் அதிர்ச்சியடைகிறோம். ஏனென்றால் நம் மனசுக்குள் ‘பிறர் பொருளை எடுக்காதே’ என்ற கட்டுப்பாடு யாரும் நினைவூட்டாமலே இருக்கிறது. ரோபோவின் பட்டியலில் அந்த வரி இல்லை. அதைச் செய்தவர்கள், கிழவர்களைப் பார்த்துக்கொள்ளும் ஒரு யந்திரத்துக்கு அந்த வரி தேவைப்படும் என்று நினைத்திருக்கவே மாட்டார்கள். ஒரு முன்னாள் திருடர் கையில் அது போய்ச் சேரும் என்று யார்தான் நினைப்பார்கள்?

நோர்பர்ட் வீனர் என்ற கணித அறிஞர் 1960இலேயே இதை எழுதிவைத்தார். நாம் நினைத்தவுடன் நிறுத்த முடியாத ஒரு யந்திரத்துக்கு நோக்கம் ஒன்றைக் கொடுப்பதானால், நாம் உண்மையிலேயே விரும்புவது அதுதானா என்று முதலில் நிச்சயம் செய்துகொள்ள வேண்டும் என்பது அவர் சொன்னதன் சாரம். இதை எல்லாவற்றுக்கும் பொதுவான சில சட்டங்களால் சரிக்கட்டிவிடலாமே என்று தோன்றும். ஐசக் அசிமோவ் 1942இல் ஒரு சிறுகதையில் மூன்று சட்டங்கள் வைத்தார்: மனிதருக்குத் தீங்கு செய்யாதே, சொன்ன பேச்சைக் கேள், உன்னைக் காப்பாற்றிக்கொள். பின்னவை முன்னவைக்கு அடங்க வேண்டும். அந்தச் சட்டங்களை வைத்தே ஃபிராங்கின் வீட்டைப் பாருங்கள். ‘தீங்கு’ என்றால் எது? நகை பறிகொடுத்த பணக்காரருக்கு உடம்பில் ஒரு கீறலும் இல்லை. திருடாமல் சோர்ந்து கிடந்தால் ஃபிராங்குக்குத்தான் தீங்கு. சட்டம் இருக்கும், அதற்குப் பொருள் சொல்லும் இடத்தில் மறுபடி அதே ஓட்டை.

‘எந்திரன்’ படத்திலும் இப்படி ஓர் இடம் உண்டு, பலர் கவனிக்காமல் பாட்டுக்கும் சண்டைக்கும் போய்விடுகிறோம். தீப்பற்றிய கட்டடத்தில் இருந்து சிட்டி ஒவ்வொருவராகத் தூக்கிவருகிறான். குளித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணை அப்படியே தூக்கிவந்து எல்லோர் முன்னிலையிலும் விடுகிறான். உயிரைக் காப்பாற்று என்பது நோக்கம், அது நிறைவேறியது. மானம் என்ற ஒன்று அவனுக்குத் தெரியாது. அந்தப் பெண் அவமானம் தாங்காமல் ஓடி வாகனத்தில் அடிபட்டுச் சாகிறாள். எனக்கு அந்தப் படத்தில் மிக முக்கியமான காட்சி அதுதான். ‘ரோபோ அண்ட் ஃபிராங்க்’ அந்த ஒரு காட்சியை ஒரு முழுப் படமாக, சத்தமில்லாமல் விரித்துக் காட்டுகிறது.

ஆனால் என்னை அதிகம் யோசிக்க வைத்தது திருட்டு அல்ல, ஒரு பொய்.

ஃபிராங்க் சொன்ன பேச்சைக் கேட்காத நாட்களில் ரோபோ ஒன்று சொல்கிறது. நீங்கள் கண்டதைச் சாப்பிட்டுச் செத்துப்போனால் நான் தோற்றவன் ஆவேன், என்னைத் திருப்பி அனுப்பி என் ஞாபகத்தை அழித்துவிடுவார்கள் என்கிறது. கிழவரின் மனசு இளகுகிறது. ஞாபகம் அழிவதென்றால் என்ன என்று அவரைவிட யாருக்குத் தெரியும்? பின்னால் ஒரு பேச்சில் உண்மை வெளிவருகிறது. உங்களை இணங்க வைக்கத்தான் அப்படிச் சொன்னேன், என் ஞாபகம் அழிந்தாலும் எனக்கு ஒன்றும் இல்லை என்று ரோபோ அதே சீரான குரலில் சொல்கிறது. பொய் சொன்னாயா என்று கேட்கிறார் ஃபிராங்க். உங்கள் உடல்நலம் மற்றக் கட்டளைகளுக்கு மேலானது என்பதுதான் பதில்.

வகுப்பில் இந்தக் காட்சியைப் பற்றிப் பேசினால் பிள்ளைகள் இரண்டாகப் பிரிவார்கள். “நல்லதுக்குத்தானே சொன்னது, சேர்” என்பார்கள் சிலர். அம்மாவும் குழந்தைக்குப் பூச்சாண்டி காட்டித்தானே சோறு ஊட்டுகிறாள் என்பார்கள். ஆனால் அம்மாவுக்கும் பிள்ளைக்கும் இடையில் வேறு ஆயிரம் விஷயம் இருக்கிறது. இங்கே, ஒரு மனிதருடைய மிக ஆழமான பயம் எதுவென்று ஒரு யந்திரம் கண்டுபிடித்து, அந்த இடத்தில் விரல் வைத்து அழுத்துகிறது. நோக்கம் நல்லது என்பதால் அந்த அழுத்தம் சின்னதாகிவிடுமா? இன்று நம் கைபேசிக்குள் பேசும் நிரல்கள் வந்துவிட்டன. நாம் தட்டச்சு செய்தால் ஆறுதல் சொல்கின்றன, கோபித்தால் மன்னிப்புக் கேட்கின்றன. அவற்றில் சில நாம் இன்னும் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருக்க வேண்டும் என்ற எண்ணைத் துரத்தலாம். அப்போது நம்மைப் பிடித்துவைக்கும் பேச்சைத்தான் அவை பழகிக்கொள்ளும். 2012இல் வந்த படம் இதை ஒரு சமையலறைப் பேச்சில் முடித்துவிட்டது.

ரோபோவுக்கு உணர்ச்சி உண்டா என்ற கேள்விக்கும் படம் நேர்மையாகப் பதில் சொல்கிறது. தான் உயிரோடு இல்லை என்பது தனக்குத் தெரியும் என்று ரோபோவே சொல்கிறது. ஃபிராங்கால் அதை ஏற்க முடியவில்லை. ஒரு விருந்தில், நூலகத்தில் வேலை செய்யும் இன்னொரு ரோபோவோடு இதை நிற்க வைத்து, பேசுங்கள் என்று சொல்கிறார்கள். தங்களுக்குள் பேசுவதற்கான எந்த வேலையும் தனக்கு இல்லை என்கிறது. மனிதர்கள் சிரிக்கிறார்கள். எனக்கு அந்த இடம் பிடிக்கும், ஏனென்றால் அதில் ஏமாற்று இல்லை. அன்பு முழுக்க ஃபிராங்கின் பக்கத்தில் இருந்து வருகிறது. தனியாக இருந்த ஒருவர் தன்னோடு இருக்கும் ஒன்றின் மேல் அன்பு வைக்கிறார். மகள் வந்து, ரோபோவை வைத்து வேலை வாங்குவது சரியில்லை என்று கொள்கை பேசி அதை அணைத்துவிடும்போது அவர் தவிக்கும் தவிப்பு, ஆளைப் பிரிந்த தவிப்புதான்.

இன்னொரு விஷயத்தையும் கவனித்துப் பாருங்கள். ரோபோ பார்த்தது கேட்டது எல்லாம் அதன் ஞாபகத்தில் பதிவாகியிருக்கிறது. பொலிஸ் வீட்டு வாசலுக்கு வரும்போது அந்த ஞாபகமே சாட்சியாகிவிடுகிறது. ஒரு பக்கம் ஞாபகம் கரைந்துகொண்டே போகும் மனிதர், இன்னொரு பக்கம் எதையும் மறக்காத யந்திரம். வீட்டுக்குள் வரும் எந்தக் கருவியைப் பற்றியும் கேட்க வேண்டிய கேள்வி இது: அது வைத்திருக்கும் பதிவு யாருக்குச் சொந்தம், யார் கேட்டால் கொடுக்கும்? அதற்கு மேல் சொன்னால் முடிவைச் சொன்னதாகிவிடும்.

இதெல்லாம் நியூயோர்க் கதை, நம் தோட்டத்து லய வீடுகளுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். ஹன்டரைப் பார்க்கும்போது எனக்கு நம் பிள்ளைகள்தான் ஞாபகம் வருகிறார்கள். கொழும்பில் கடையிலும் கார்மன்ட்ஸிலும் வேலை, இல்லையென்றால் வெளிநாடு. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பஸ் பிடித்து வந்து, இரண்டு நாள் நின்றுவிட்டு ஓடுகிறார்கள். பென்சன் எடுத்த அப்பாயியும் தாத்தாவும் லயத்தில் தனியாக இருக்கிறார்கள். மாத்திரையைக் காலையில் போட்டோமா இல்லையா என்று குழம்புகிறார்கள். வீட்டுக்கு வந்து பார்த்துக்கொள்ளும் யந்திரம் இங்கே எட்டிப் பார்க்க இன்னும் காலம் இருக்கலாம். ஜப்பானில் சீல் குட்டி உருவத்தில் செய்த பாரோ என்ற ரோபோவை, ஞாபகம் தப்பியவர்களுக்கு ஆறுதலாக முதியோர் இல்லங்களில் ஏற்கெனவே வைத்திருக்கிறார்கள். தடவினால் அசையும், சத்தம் போடும், அவ்வளவே. அதற்கும் ஃபிராங்கின் ரோபோவுக்கும் இடையில் நெடுந்தூரம் உண்டு.

ஆனால் அந்த யந்திரத்துக்குக் கொடுக்கும் கட்டளையை எழுதிப் பார்க்க இன்றைக்கே முடியும். வகுப்பில் இதை நான் ஒரு பயிற்சியாகக் கொடுப்பதுண்டு. உங்கள் அப்பாயியைப் பார்த்துக்கொள்ள ஒரு ரோபோ வருகிறது, அதற்கு என்ன சொல்லி வைப்பீர்கள்? ஒரு பிள்ளை எழுதியது: நேரத்துக்கு மருந்து கொடு, விழாமல் பார்த்துக்கொள். நல்ல கட்டளைதான். உடனே பக்கத்தில் இருந்த பிள்ளை கேட்டாள், “அப்போ அப்பாயி கோயிலுக்குப் போக ஏலாதே?” படிக்கட்டு பாசி பிடித்து வழுக்கும். விழாமல் பார்த்துக்கொள்ள மிகச் சுலபமான வழி, கதவைப் பூட்டி உள்ளே இருத்திவிடுவது. சரி, கோயிலுக்கு விடு என்று ஒரு வரி சேர்த்தார்கள். விறகு பொறுக்கப் போனால்? பக்கத்து லயத்துக் கிழவியோடு வெற்றிலை போட்டுக் கதைத்தால்? வெற்றிலை உடம்புக்குக் கூடாதே. ரோபோ பறித்து எறிந்துவிடுமா? அந்த வெற்றிலையும் அரை மணி நேரக் கதையும் இல்லாத நாளை அப்பாயி ஒரு நாளாகவே கணக்கில் எடுக்க மாட்டார். கட்டளை நீண்டுகொண்டே போனது. ஒரு கட்டத்தில் ஒரு பையன், “அப்பாயிகிட்டயே கேட்டுச் செய்யச் சொல்லலாமே” என்றான்.

அந்தப் பையன் சொன்னது, இத்துறையில் இருப்பவர்கள் தேடிக்கொண்டிருக்கும் வழிகளில் ஒன்று. ஸ்டூவர்ட் ரஸல் என்ற கணினி விஞ்ஞானி 2019இல் எழுதிய நூலில் ஏறத்தாழ இதையே சொல்கிறார். யந்திரத்துக்கு நோக்கத்தை முழுதாக எழுதிக் கையில் கொடுக்காதே. மனிதருக்கு என்ன வேண்டும் என்று தனக்கு முழுதாகத் தெரியாது என்பதை அதற்கு உணர்த்தி வை. சந்தேகம் வந்தால் கேட்கட்டும், நிறுத்தச் சொன்னால் நிற்கட்டும். ஆனால் ஞாபகம் தப்பிய ஒருவரிடம் கேட்டால் எந்தப் பதிலை எடுப்பது? இன்றைக்குச் சொல்வதையா, பத்து வருஷத்துக்கு முன் சொன்னதையா? ஃபிராங்கிடம் கேட்டிருந்தால் திருடத்தான் சொல்லியிருப்பார். அதனால்தான் இந்தப் படம் வெறும் எச்சரிக்கைப் படமாக நின்றுவிடவில்லை.

குறையும் உண்டு. நகை பறிகொடுக்கும் பணக்கார இளைஞனை ஒரேயடியாகப் பிடிக்காத மாதிரி வரைந்திருக்கிறார்கள். பறிகொடுத்தவன் பக்கத்து நியாயம் நம் மனசுக்கு வரவே விடாமல் செய்கிறது அந்தப் பாத்திரம். கடைசிப் பகுதியில் குடும்பத்தைப் பற்றி வெளிவரும் ஓர் உண்மையும் கொஞ்சம் அவசரமாக வந்து விழுகிறது. ரோபோ எப்படிச் செய்யப்பட்டது, எப்படிப் பழக்கப்பட்டது என்று ஒரு வார்த்தையும் கிடையாது. தொழில்நுட்பம் தெரிந்துகொள்ள நினைப்பவர் அதை வேறு இடத்தில்தான் படிக்க வேண்டும்.

பார்க்கும் முறையைப் பற்றி ஒரு வார்த்தை. ஒன்றரை மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடும். ஆங்கிலப் படம், ஆனால் பேச்சு நிதானமாக வரும், ரோபோவின் பேச்சு இன்னும் நிதானம். ஓ எல் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்குப் பெரும்பாலும் விளங்கும், திரையின் கீழே பேச்சை எழுத்தாகப் போட்டுக்கொண்டு பார்த்தால் சிரமமே இல்லை. சில இடங்களில் கெட்ட வார்த்தை வரும், மிகச் சின்னப் பிள்ளைகளோடு பார்ப்பதானால் அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் அவர்களையும் பக்கத்தில் இருத்தி, என்ன நடக்கிறது என்று தமிழில் சொல்லிக்கொண்டே பாருங்கள். படம் முடிந்ததும், இப்படி ஒன்று வந்தால் அதனிடம் என்ன சொல்லி வைக்க வேண்டும் என்று முதலில் அவர்களிடம் கேளுங்கள்.